கடலுக்குச் சாட்சி சொல்லும் கைபேசி

விரிஞ்சிபுரத்துக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு? இக்கேள்வியை அவ்வூர்ப் பள்ளி மாணவர் ஒருவரிடம் கேட்டால் அவர் சிரித்துவிடுவார். வேலூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் உள்ள ஊர் அது. அங்கிருந்து வங்கக் கடல் நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அலையோசை அங்கே கேட்பதில்லை. உப்புக் காற்றும் வீசுவதில்லை.

ஆனால் ஒரு தேசப்படத்தை எடுத்துப் பிரித்து வையுங்கள். விரிஞ்சிபுரத்தில் விரலை வைத்துப் பாலாற்றின் வழியே கிழக்கு நோக்கி நகர்த்துங்கள். வேலூரையும் ஆற்காட்டையும் வாலாஜாபாத்தையும் கடந்து, கல்பாக்கத்துக்கு அருகே வாயலூரில் உங்கள் விரல் கடலைத் தொடும். கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கும் பாலாறு மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். ஆற்றின் கரையில் விழுந்தது எதுவாயினும், ஒரு பெருவெள்ளம் வந்தால் அதன் கடைசி நிலையம் கடல்தான்.

மாணவ நண்பர்களே! கடலைக் காப்பதில் இப்போது ஒரு புதிய கருவி பயன்பட்டு வருகிறது. உங்கள் வீட்டிலேயே இருக்கும் கைபேசிதான் அது. கரையோரச் செய்தியாளர்களும் மீனவர்களும் தன்னார்வலர்களும் கைபேசியில் படமும் குரலும் பதிந்து, கடலில் நடப்பதை நாட்டுக்கு எடுத்துச் சொல்கிறார்கள். இதனால் கடலுக்கு உண்மையில் நன்மை உண்டா? உண்டெனில் அது எவ்வாறு நிகழ்கிறது? பாலாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு அதில் என்ன வேலை? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கண்ணுக்குத் தெரியாத இடம்

ஒரு காட்டில் மரம் வெட்டப்பட்டால் அடிக்கட்டை நிற்கும். மலையை உடைத்தால் பள்ளம் தெரியும். கடலில் அப்படியல்ல. அடியில் எது அழிந்தாலும் மேலே அதே நீலநீர்தான் அலையடித்துக்கொண்டிருக்கும். கடலின் துன்பத்துக்குச் சாட்சிகள் மிகக் குறைவு. சில வேளை அலையே ஒரு சடலத்தைக் கொண்டுவந்து கரையில் போடுகிறது. அதையும் காக்கையும் நாயும் இழுத்துச் செல்வதற்குள் யாராவது பார்த்தாக வேண்டும்.

அதிகாலையில் கரையில் நிற்பவர் யார்? தலைநகரத்துப் பத்திரிகை அலுவலகத்தில் இருப்பவர் அல்லர். அந்தக் குப்பத்தில் வாழ்பவரும், அந்த ஊரின் நிருபருமே அங்கே நிற்கிறார்கள். அவர்களுக்குக் காற்றின் பெயர் தெரியும். எந்தப் படகு எந்த வலை போடும் என்பது தெரியும். எனவே வழக்கமாக நடப்பது எது, வழக்கத்துக்கு மாறானது எது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியும். செய்தியின் உயிர்நாடி அதுதான்.

ஆமைகள் கரை ஒதுங்கியபோது

சென்னைக் கரைக்கு ஆண்டுதோறும் ஜனவரி முதல் சில மாதங்கள் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. தாய் ஆமை இரவில் மணலேறி, பின்கால்களால் குழி பறித்து, நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஏறக்குறைய 50 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும்.

இவ்வாமைகளைக் காக்க 1970களின் தொடக்கத்திலேயே சிலர் சென்னைக் கரையில் இரவு நடை தொடங்கினர். 1988 முதல் இப்பணியை ஏற்று நடத்துவது மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் கூட்டமைப்பு. பெயரிலேயே மாணவர் இருப்பதைக் கவனித்தீர்களா? அவர்கள் பல கிலோமீட்டர் மணலில் நடந்து, எத்தனை கூடுகள், எத்தனை இறந்த ஆமைகள் என்று ஆண்டுதோறும் குறித்து வருகிறார்கள்.

2025 ஜனவரியில் அக்குறிப்பேடுகளின் அருமை புரிந்தது. சென்னையையும் அதன் வடக்கு தெற்குக் கரைகளையும் ஒட்டி இறந்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. மாத முடிவில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டதெனச் செய்திகள் கூறின. உள்ளூர்ச் செய்தியாளர்களும் ஆமை நடையினரும் எடுத்த படங்கள் கைபேசிகள் வழியே எங்கும் பரவின. செத்த ஆமையின் படம் ஒன்று மட்டும் வந்திருந்தால் மக்கள் ஓரிரு நாள் வருந்திவிட்டு மறந்திருப்பார்கள். ஆனால் இம்முறை படத்துடன் எண்ணும் வந்தது. எந்தக் கரை, எந்த நாள் என்பதும் வந்தது. முந்திய ஆண்டுகளின் கணக்கு கையில் இருந்ததால், இது வழக்கமான சாவு அல்ல என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

இறந்த ஆமைகள் பலவற்றின் கண்கள் பிதுங்கியும் கழுத்து வீங்கியும் இருந்தன. மூச்சு முட்டி இறந்ததன் அடையாளம் இது. ஆமை மீனைப் போலச் செவுள்களால் சுவாசிப்பதில்லை. நம்மைப் போல அதற்கு நுரையீரல் உண்டு. அமைதியாக இருக்கும்போது அது நெடுநேரம் நீருக்குள் மூச்சடக்கும். இழுவலையில் சிக்கித் திமிறும்போதோ, உடலில் உள்ள ஆக்ஸிஜன் விரைந்து தீர்ந்துபோகிறது. வலை மேலே வருவதற்குள் ஆமை இறந்துவிடுகிறது.

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, பத்திரிகைச் செய்திகளைக் கண்டு, யாரும் மனுப் போடாமலே தானாக வழக்கை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர் தூரத்துக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்பது விதி. இவ்விதி மீறப்படுகிறதா என்று கண்காணிக்க ரோந்து அதிகரிக்கப்பட்டது. 'ஆமை விலக்கி' என்னும் சாதனமும் பேசுபொருளாயிற்று. வலையின் கழுத்தில் சாய்வாகப் பொருத்தப்படும் கம்பிச் சட்டம் அது. இறாலும் சிறுமீனும் கம்பி இடைவெளியில் நுழைந்து வலைக்குள் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, அருகிலுள்ள திறப்பு வழியே வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் நாட்டுப் படகுகளுக்கு ஏற்ற வகையில் இதை வடிவமைத்துள்ளது.

இங்கே நல்ல செய்தியாளரின் இன்னொரு கடமையும் உண்டு. 'மீனவர்கள் ஆமையைக் கொன்றார்கள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அது பொய்யாகிவிடும். கட்டுமரத்திலும் சிறு படகிலும் செல்பவர் வேறு; பெரிய இழுவைப் படகு வேறு. கரையோரத்தில் இழுவலை வந்தால் சிறு படகுக்காரரின் பிழைப்பும் சேர்ந்தே கெடுகிறது. உள்ளூர் ஆளுக்கு இவ்வேறுபாடு தெரியும். அதனால்தான் அவர் குரல் முக்கியம் என்கிறோம்.

பாம்பனில் ஒரு வானொலி

கதை சொல்ல எப்போதும் படம்தான் வேண்டும் என்பதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்துப் பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 அன்று 'கடல் ஓசை' என்னும் சமுதாய வானொலி 90.4 எஃப்.எம். அலைவரிசையில் தொடங்கியது. மீனவ சமுதாயத்துக்காக, அச்சமுதாயத்தினரே பேசும் வானொலி அது. 'சமுத்திரம் பழகு' என்னும் நிகழ்ச்சியில் கடலின் இயல்பு, மாறிவரும் காற்று, முன்பு கிடைத்து இப்போது கிடைக்காமற்போன மீன்கள் ஆகியவை பேசப்பட்டன.

இதில் ஒரு விஞ்ஞானச் செய்தி அடங்கியிருக்கிறது. வயது முதிர்ந்த மீனவர் ஒருவர், 'என் சிறு வயதில் இம்மீன் இந்த மாதத்தில் வரும். இப்போது வருவதில்லை' என்று சொன்னால், அது வெறும் பழங்கதை அல்ல. கருவிகள் இல்லாத காலத்தின் பதிவு அது. அத்தகைய பத்துப் பேரின் பேச்சைப் பதிந்து ஒப்பிட்டால், ஆராய்ச்சியாளருக்கு எங்கே தேட வேண்டும் என்பது புலப்படும்.

அதே பாம்பன் வட்டாரத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது, மற்ற நாட்களில் அது வளர விட்டுவிடுவது என்பதே அது. அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் 'சீகாலஜி' என்னும் பன்னாட்டுப் பரிசு கிடைத்தது. பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய 'பாரி' இணைய இதழில், தமிழ்நாட்டுப் புகைப்படக்காரர் மு. பழனிகுமார் இப்பெண்களின் வேலையை நீருக்குள்ளும் சென்று படமெடுத்து வெளியிட்டார். கடலைக் கெடுப்பவர் கதை மட்டுமே செய்தி என்று எண்ண வேண்டாம். காப்பவர் கதையும் செய்திதான். பிற ஊர்க்காரர்கள் பின்பற்றக்கூடியது இரண்டாவது கதையைத்தான் அல்லவா?

ஆவுளியாவுக்கு ஒரு வழி

பாக் நீரிணையில் கடற்பசு வாழ்கிறது. அங்குள்ள மீனவர் அதை 'ஆவுளியா' என்பர். சுமார் 3 மீட்டர் நீளம் வளரும் இப்பாலூட்டி, கடலடிப் புல்லை மேய்ந்து வாழ்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விடுகிறது. பல ஆண்டுகளுக்கு ஒரு குட்டிதான் ஈனும். எனவே வலையில் சிக்கி ஒன்று இறந்தாலும் பேரிழப்பு.

இந்தியக் காட்டுயிர் நிறுவனமும் வனத்துறையும் இங்கே ஒரு நல்ல வழியைக் கையாண்டன. வலையில் சிக்கிய கடற்பசுவை மீனவர் உயிருடன் விடுவித்து, அதைக் கைபேசியில் படம்பிடித்துக் காட்டினால் ஊக்கத்தொகை பெறலாம். வலை அறுபட்ட இழப்புக்கு ஓரளவு ஈடு, நடந்ததற்குச் சான்று. அப்படங்கள் செய்தியாகும்போது அடுத்த படகுக்காரருக்கும் அது பாடமாகிறது. 2022 செப்டம்பர் 21 அன்று, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது.

படத்துக்குள் ஒளிந்திருக்கும் எண்கள்

கைபேசிப் படம் சாட்சியாவது எப்படி என்று பார்ப்போம். படம் எடுக்கும்போது கைபேசி ஒளியை மட்டும் பதிவதில்லை. எடுத்த நாள், மணி, நிமிடம் ஆகியவற்றையும், அனுமதி கொடுத்திருந்தால் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளையும் படத்துடன் சேர்த்து எழுதிவைக்கிறது.

இடம் அதற்கு எப்படித் தெரிகிறது? பூமிக்குமேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும், 'நான் இன்ன இடத்தில் இருக்கிறேன். இப்போது மணி இவ்வளவு' என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. அச்செய்தி வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து கைபேசி தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் தன் இடம் தெரிந்துவிடும். செய்தி ஒளியின் வேகத்தில், வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வருகிறது. ஆகையால் நேரக் கணக்கில் வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும்! விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில் அரைவட்ட வடிவில் ஒரு காலம் காட்டும் கல் இருக்கிறது. அதில் குச்சியை வைத்தால் நிழல் விழும் கோட்டைக் கொண்டு நேரம் அறியலாம். காலத்தை அளந்து பயன்பெறும் அதே முயற்சிதான் இன்று வானத்தில் அணுக் கடிகாரமாகச் சுற்றுகிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது இவ்விவரங்கள் பெரும்பாலும் உதிர்ந்துபோகும். அதனால்தான் என்றோ எங்கோ எடுத்த படம், நேற்று நம்மூரில் எடுத்ததாகச் சுற்றி வருகிறது. மூலப்படத்தை அழிக்காமல் வைத்திருங்கள். படத்திலேயே பாலம், கோபுரம் போன்ற ஓர் அடையாளம் தெரியுமாறு எடுங்கள். நாளையும் இடத்தையும் குறிப்பேட்டிலும் எழுதுங்கள். நல்ல செய்தியாளர் மூன்றையும் செய்கிறார்.

எல்லாவற்றையும் வெளியிடவும் கூடாது. ஆமைக் கூட்டின் சரியான இடத்தைச் சொன்னால் முட்டை திருடுபவருக்கு வழிகாட்டியாகிவிடும். குஞ்சுகள் வெளிவரும்போது கைபேசி விளக்கைப் போட்டால், கடலின் மெல்லொளியைத் தேடும் அவை விளக்கை நோக்கித் திரும்பிவிடும். கதைக்காக உயிரைப் பலியிடக் கூடாது.

ஆறு கொண்டுவந்த எண்ணெய்

இனி ஆற்றுக்கு வருவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கும் கடலுக்கும் போய்ச் சேர்ந்தது. கறுத்த படகுகள், எண்ணெய் தோய்ந்த கூழைக்கடாக்கள் ஆகியவற்றின் படங்கள் கரையோர மக்களின் கைபேசிகளிலிருந்து நாடெங்கும் சென்றன. அப்போதும் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. கடலில் எந்தக் கப்பலும் கவிழவில்லை. நிலத்தில் இருந்தது நீரோடு போயிற்று, அவ்வளவே.

பாலாற்றுக்கும் இப்பாடம் பொருந்தும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என இவ்வட்டாரம் முழுவதும் தோல் பதனிடும் தொழில் நடக்கிறது. முன்னாளில் ஆவாரம் பட்டை கொண்டு பதனிட்டனர். பின்னர் குரோமிய உப்பு வந்தது. பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தடவும் சாதாரண உப்பும் கழுவுநீரில் வெளிவருகிறது. இக்கழிவைச் சரியாகச் சுத்திகரிக்காமல் விட்டதால் கிணறுகள் உவர்த்தன, நிலங்கள் பாழாயின. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு, 2021 நவம்பரில் வந்ததைப் போன்ற பெருவெள்ளத்தில் கரைபுரண்டு, வழியில் கிடப்பதையெல்லாம் வாயலூர் நோக்கி அடித்துச் செல்கிறது.

இதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் சென்றது. அந்நாளில் கைபேசி இல்லை. ஆனால் கணக்கு இருந்தது. இத்தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமற்போனதென ஒரு வேளாண் ஆய்வு கூறியது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வக் குழு கிணறு கிணறாகச் சென்று, 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருப்பதைக் கண்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வெளியான தீர்ப்பு இவ்வெண்களை எடுத்தாண்டது. 'கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும்', 'கெடுமுன்பே தடுக்க வேண்டும்' என்னும் இரு கோட்பாடுகள் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. 2025 ஜனவரி 30 அன்று, சென்னைக் கரையில் ஆமைகள் ஒதுங்கிய அதே மாதத்தில், உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கி, அதை மாசு செய்தவரிடமிருந்து வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் கட்டளையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இரண்டாவதற்கும் இடையே 28 ஆண்டுகள்! ஒரு நாள் செய்தி போதாது, தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் பள்ளி விஞ்ஞான மன்றத்தில் இதைச் செய்து பாருங்கள். ஆசிரியர் துணையுடன் ஊரில் ஐந்து கிணறுகளை அல்லது குழாய்களைத் தேர்ந்தெடுங்கள். நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள். நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்தே அது உப்பைக் கணிக்கிறது. ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் அளந்து, மீட்டரின் எண் தெரியும்படி படமெடுத்து, அட்டவணையில் எழுதுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காதபோது 2,000 வரை பொறுக்கத்தக்கது என்பது இந்தியத் தர அளவு. கடல்நீரில் இது சுமார் 35,000. உங்கள் கிணறு இவற்றுக்கிடையே எங்கே நிற்கிறது?

மீட்டர் சொல்லாததையும் நினைவில் வையுங்கள். அது குரோமியத்தைத் தனியே காட்டாது. அதற்குச் சோதனைச்சாலை வேண்டும். உப்பு எங்கிருந்து வந்தது என்றும் அது சொல்லாது. ஆகவே யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாதீர்கள். கழிவுக் கால்வாயில் இறங்காதீர்கள். பிறர் முகத்தை அவர் அனுமதியின்றிப் படமெடுக்காதீர்கள்.

ஓராண்டு முடிந்ததும் மூன்று நிமிடக் காணொளி ஒன்று தயாரியுங்கள். ஐந்து கிணறுகளின் எண்களைக் காட்டுங்கள். ஒரு விவசாயி பேசட்டும். தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரும் பேசட்டும். உங்கள் வகுப்புத் தோழரின் தந்தையாகவே அவர் இருக்கலாம். பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் அது. தொழிலும் வேண்டும், ஆறும் வேண்டும் என்னும்போதுதான் கேள்வி கடினமாகிறது. விஞ்ஞானத்துக்கு வேலையும் வருகிறது. சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், நீரைப் பயன்படுத்தாமலே குரோமியப் பதனிடும் முறையை உருவாக்கியுள்ளது. இத்தகைய முறைகளையும் உங்கள் கதையில் சேருங்கள்.

பிறகு அக்காணொளியை உங்கள் ஊர் நிருபரிடம் காட்டுங்கள். ஊராட்சி மன்றத்தில் காட்டுங்கள். வாயலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கும் அனுப்பி, அங்கே கழிமுகத்து நீரின் அளவையும் இறால், மீன் வரத்தையும் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். ஆற்றின் மேற்புறக் கணக்கும் கடலோரக் கணக்கும் ஒரே அட்டவணையில் சேர்ந்தால், பாலாற்றின் முழுக் கதையையும் சொல்ல முடியும். அந்த அட்டவணையின் முதல் வரியை இந்த மாதமே நீங்கள் எழுதலாம்.